சிவப்புப் புள்ளிக்கு ஒரு திருத்தம்

1

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்டது ஒரு சோயா இலையின் அடிப்பக்கம். நடு நரம்பிலிருந்து விரலளவு தள்ளி, செங்கல் நிறத்தில் ஒரு புள்ளி. உருப்பெருக்கும் கைவில்லையை நெருக்கிப் பிடித்துப் பார்த்தேன். புள்ளியின் மேல் தூள் இல்லை. கொப்பியில் 'சி' என்று எழுதிவிட்டு அடுத்த இலையைத் திருப்பினேன்.

இது நேற்றுக் காலை. பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் வரும் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றின் கண்ணாடி வீட்டில், நான் இலை திருப்பத் தொடங்கி நேற்றுடன் இரண்டு வருடம்.

வேலை இதுதான். சோயாவுக்குத் துரு என்று ஒரு வருத்தம், அதாவது நோய், உண்டு. அது ஒரு பூஞ்சணம். ஈரமான இலையில் இறங்கி, அடிப்பக்கத்தில் வைக்கோல் நிறக் கொப்புளங்களாக வெடித்து, இரும்புத் துருவைப் போன்ற தூளைக் காற்றில் விடும். காய் முற்றுவதற்கு முன் இலை மஞ்சளாகிக் கொட்டிவிடும். சில செடிகளில் மட்டும் பரம்பரையாக ஒரு குணம் இருக்கிறது. பூஞ்சணம் நுழைந்த இடத்தைச் செடி தானே சாகடித்துவிடுகிறது. செத்த இடத்தில் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு இல்லை. அந்த இடம்தான் சிவப்புப் புள்ளி. வைக்கோல் நிறம் என்றால் செடி தோற்றுவிட்டது. சிவப்பு என்றால் நின்று பிடித்திருக்கிறது. பின்னேரத்தில் தூள் கலந்த தண்ணீரை இலைகளுக்கு விசிறி, விடியும்வரை ஈரம் காயாமல் மூடி வைத்து, பத்துப் பன்னிரண்டு நாட்களில் வரும் புள்ளிகளை நிறம் பிரித்து எண்ணுவேன்.

இதை இவ்வளவு விளக்கமாக உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. இந்தக் குறிப்பு ஒரு திருத்தம். 1990 மார்கழியில், நீங்கள் வாசிக்கும் பத்திரிகை ஒன்றில், இதற்கு நேர்மாறாக நான் எழுதியிருந்தேன்.

2

நான் கண்ணாடி வீட்டுக்குள் வந்ததும் ஒரு திருத்தத்தால்தான்.

இங்கே வந்த புதிதில் வேலை தேடும் அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். முந்திய தொழில் என்ற கட்டத்தில் பத்திரிகையாளர் என்று எழுதினேன். எந்த மொழியில் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு யோசித்தார். எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள் என்று கேட்டார். விவசாயப் பக்கம் என்றேன். அவருடைய முகம் தெளிந்தது. பத்திரிகையாளரை ஒரு கோட்டால் வெட்டி, மேலே விவசாயம் என்று எழுதினார். இரண்டு கிழமையில் வேலை கிடைத்தது. என் வாழ்நாளில் நான் ஒரு கத்தரிக் கன்றுகூட நட்டதில்லை.

கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பானவர் மார்கிரட். அறுபதை நெருங்கும், மெலிந்த பெண். காற்சட்டைப் பையில் எப்போதும் கயிற்றுத் துண்டு வைத்திருப்பார். எதைக் கட்டுவதற்கு என்று இன்னும் எனக்குத் தெரியாது. முதல் நாள், தட்டுகளில் நின்ற செடிகளைக் காட்டி, நோயில் விழுந்தவற்றைப் பிரித்து வைக்கும்படி சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போனார். இது எனக்குத் தெரிந்த விஷயம். இதைப் பற்றி நான் எழுதியே இருக்கிறேன். சிவப்புப் புள்ளிச் செடிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, ஒன்பது தட்டுகளில் அடுக்கி, கழிவுகளை ஆவியில் அவிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் திரும்பி வந்து வெறும் மேசையைப் பார்த்தார். நீங்கள் அவற்றை எறியவில்லையே என்று கேட்டார். எங்கள் வழக்கப்படி, எறியேல்லைத்தானே என்று கேட்டால் எறியாதவன் ஓம் என்பான். நான் யெஸ் என்றேன். ஆங்கிலத்தில் அதற்கு எறிந்துவிட்டேன் என்று பொருள். மார்கிரட் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் குந்திவிட்டார். பிறகுதான் எனக்கு விளங்கி, ஓடிப்போய்த் தட்டுகளைக் காட்டினேன். அவர் ஒன்பதையும் எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். அதன் பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

நான்கு வருட வேலை அந்த ஒன்பது தட்டுகளில் நின்றது என்று பிறகு சொன்னார். ஒரு சிவப்பையும் தவறவிடாமல், ஒரு வைக்கோல் நிறத்தையும் சேர்க்காமல் பொறுக்கியிருக்கிறாய், கண் நல்ல கண், எந்தப் பக்கம் வெற்றி என்பதில்தான் பிழை என்றார். வேலை நிலைத்தது அதனால்தான். கைவில்லையைத் தந்து, தூள் உள்ள புள்ளியையும் தூள் இல்லாத புள்ளியையும் காட்டினார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து இணுவிலில் ஒரு வரம்பு ஞாபகம் வந்தது.

3

1990 மார்கழி. எண்ணெய் இல்லை, யூரியா இல்லை, பயிருக்கு அடிக்கும் மருந்து இல்லை. யுத்தத் தடையால் எல்லாம் தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் நின்றன. சோயா மட்டும் இணுவில் தோட்டங்களில் பச்சையாக நின்றது. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து பகிர்ந்த ஒரு மூட்டை விதை. நாலைந்து இனங்கள் கலந்தது. விளைந்ததை வறுத்து இடித்து, இடம்பெயர்ந்து கோயில் மடங்களில் இருந்த பிள்ளைகளுக்குச் சத்துமாவாகக் கரைத்துக் கொடுத்தார்கள். பால்மா கண்ணில் படாத காலம். ஆகவே சோயாவுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டதும் ஆசிரியபீடம் என்னைச் சைக்கிளில் அனுப்பியது.

சின்னராசா அண்ணையின் தோட்டத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போனேன். ஆறு பரப்பு நிலம் அவருடையது. ஒரு வரம்புக்கு அங்காலே இரண்டு பரப்பு அவருடைய மனைவி புவனம் அக்காவின் சீதனக் காணி. இரண்டிலும் ஒரே விதை, இடுப்பளவு செடி. பூத்து, பிஞ்சு பிடிக்கும் பருவம். மார்கழிப் பனி இலைகளில் வடிந்துகொண்டிருந்தது.

சின்னராசா அண்ணை இருபது வருடம் புகையிலை செய்தவர். புகையிலைக்காரன் ஒரு செடியைப் பார்க்கிற முறை வேறு. காயையோ கிழங்கையோ அவன் தேட மாட்டான். இலைதான் அவனுடைய விளைச்சல். இலையில் ஒரு புள்ளி விழுந்தால் வியாபாரி அந்தக் கட்டைத் தொடவும் மாட்டான். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், செங்கல் நிறப் புள்ளிகள் உள்ள ஒரு செடிக்கு முன்னால் நிறுத்தினார்.

"உதைப் பாரும் தம்பி. ஆட்டுக்கும் ஆகாத இலை. உதுதான் உயிரெடுக்கிற வருத்தம்."

பக்கத்தில் நின்ற வைக்கோல் நிறப் புள்ளிகளைக் காட்டிக் கேட்டேன். அவர் கையை விசுக்கினார். அது பனிக்குப் பிடிச்ச தடிமன், சளி மாதிரித்தான், வெய்யில் வர மாறிவிடும் என்றார்.

வரம்புக்கு அங்காலே புவனம் அக்கா குனிந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"இலையையோ விக்கப் போறியள்? காயைப் பாருங்கோ."

"ரண்டு பரப்புக்காரிக்கு வாய் எட்டுப் பரப்பு," என்றார் அண்ணை என்னிடம்.

"அந்த ரண்டு பரப்பும் என்ரை அப்பு எழுதித் தந்தது. அதுக்கை மட்டும் கை வைச்சுப் போடாதேங்கோ."

நான் சிரித்தேன். இருவர் சொன்னதையும் கொப்பியில் எழுதினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் போனேன். வருத்தம் உள்ள செடியை நேரத்தோடு பிடுங்கி எரிப்பது நல்லது என்று அவர் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எந்த வருத்தம், எந்த நிறம் என்று நான் கேட்கவில்லை. சிவப்பு என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். கண்ணால் கண்டு, தோட்டக்காரர் வாயால் கேட்டு, அதிகாரி ஒருவரிடமும் விசாரித்த செய்தி. மூன்று காலில் நிற்கிறது என்று நினைத்தேன்.

அச்சடிக்கும் தாள் வராமல், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், நீலக் கோடுகளுக்கு மேலே பத்திரிகை அச்சான நாட்கள் அவை. இடம் நெருக்கம். பதினான்கு வரியைப் பதினொன்றாக வெட்ட வேண்டி வந்தது. புவனம் அக்கா சொன்னதை வெட்டினேன். தலைப்பு: 'சிவப்புப் புள்ளிச் செடிகளைப் பிடுங்கி எரியுங்கள்.'

எங்கள் ஊரில் பத்திரிகையை ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் வாசிப்பார்கள். சின்னராசா அண்ணை அன்று பின்னேரமே பிடுங்கத் தொடங்கினாராம். வேறு தோட்டங்களிலும் புகை எழும்பியது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். எழுதியதைக் கேட்டு ஊர் நடப்பது எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் தினமும் கிடைக்கிற காட்சி அல்ல. தை பிறந்து அந்தத் தோட்டம் என்ன ஆயிற்று என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த நாளுக்கு அடுத்த செய்தி இருந்தது. அடுத்த வருடம் நானே ஊரில் இல்லை.

4

மார்கிரட் கைவில்லை தந்த அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கினேன். புறப்படும்போது மூன்று குறிப்புக் கொப்பிகள் கொண்டுவந்திருந்தேன். இரண்டாவதில் அந்த நாள் இருந்தது. தேதி, பனி, எட்டுப் பரப்பு, சின்னராசா அண்ணையின் தடிமன், எல்லாம் இருந்தன. கீழே: 'பு: இலையையோ விக்கப் போறியள், காயைப் பாருங்கோ.' அதன் குறுக்கே என் கையாலேயே ஒரு கோடு. ஓரத்தில், 'குடும்பப் பகிடி, வெட்டு.'

அடுத்த நாள் மார்கிரட்டிடம் முழுவதையும் சொன்னேன். அவர் அவசரப்பட்டுச் சான்றிதழ் தருகிற ஆள் அல்ல. சோயா இலையில் சிவப்புப் புள்ளி போட வேறு பல வருத்தங்களும் உண்டு, பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஒரு செடியில் இந்தக் குணம் இருந்தால் அதன் விதையிலும் இருக்கும். சோயா தன் பூவுக்குத் தானே மகரந்தம் கொடுக்கிற பயிர், பக்கத்து வீட்டுக் கலப்பு அதிகம் இல்லை என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சிவப்புச் செடிகளில் ஒன்றாவது விதைக்கு நின்றதா?

எனக்குத் தெரியாது. எல்லோரையும் பிடுங்கச் சொன்னவன் நான். மருந்து அடிக்க வழியே இல்லாத ஓர் ஊரில், மருந்து இல்லாமல் நிற்கக்கூடிய செடியைத் தேடிப் பிடித்து எரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டா என்று கேட்டேன். ஒரு வெள்ளைத் துணி போதும் என்றார். இலையின் அடிப்பக்கத்தைத் துணியில் தேய்க்க வேண்டும். தோற்ற செடியின் இலை பழுப்பாகத் தூள் விடும். நின்று பிடிக்கும் செடியின் இலை அநேகமாக ஒன்றும் விடாது.

என்னுடைய பழைய செய்தி ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். பிழை எத்தனை வரியோ, திருத்தமும் அத்தனை வரி. மூலையில் இரண்டு வரி போட்டு ஒளிக்கக்கூடாது. பதினொரு வரியில் சின்னராசா அண்ணை வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். சிவப்பைப் பிடுங்க வேண்டாம், நான் எழுதியது பிழை, சிவப்புச் செடியின் விதை எங்காவது இருந்தால் தனியாக வையுங்கள், வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மூன்று பிரதி எடுத்து, மூன்று வழியால் அனுப்பினேன். மூன்றும் கொழும்பு போய், அங்கிருந்து கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடக்கிறவர்கள் கையில் போகவேண்டும். அது 1993 வைகாசி.

5

பதில் வரவில்லை. அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை.

அதற்கிடையில் மார்கிரட் ஒரு படிவம் கொண்டுவந்தார். விதை இருக்கிறது என்று தெரியவந்தால் ஐம்பது விதையாவது தருவித்துச் சோதிக்கலாம் என்றார். வெளிநாட்டு விதையை இந்த நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு எட்டுப் பக்கப் படிவம். விதை நோயற்றது என்று அந்த நாட்டு அதிகாரி ஒருவர் நேரில் பார்த்து முத்திரை குத்த வேண்டும். தோட்டத்தின் இருப்பிடத்தை வரைபட எண்ணுடன் தரவேண்டும். நான் உண்மையை எழுதத் தொடங்கினேன். அதிகாரி கொழும்பில். தோட்டம் இணுவிலில். இடையில் ஒரு கடல்நீரேரி, இரவுப் படகு, இரண்டு பக்கத்துக் காவல், இரண்டு பக்கத்துப் பயணப் பாஸ். கட்டம் சிறியது. 'பயணம் சிரமம்' என்று எழுதினேன். ஏழாம் கேள்வி இனத்தின் பெயர். அதற்கு ஒரு பெயரும் இல்லை. 'புவனம்' என்று எழுதினேன். அது அரசாங்கம் பதிந்த பெயரா என்று மார்கிரட் கேட்டார். காணிச் சொந்தக்காரியின் பெயர் என்றேன். அது போதும் என்றார். அதிகாரியின் முத்திரை கேட்ட ஒன்பதாம் கேள்வியில் படிவம் நின்றது. இப்போதும் அவருடைய மேசை லாச்சியில் அப்படியே இருக்கிறது.

என் மகள் ஆரணிக்குப் பத்து வயது. இங்கே வரும்போது ஏழு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் தொடங்கினால், அப்பா தமிழிலேயே கதையுங்கோ என்பாள். என் ஆங்கிலத்தைக் கேட்பதைவிட அது அவளுக்குச் சுகம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் என்ன வேலை என்று எழுதச் சொன்னார்கள். தாய் முதியோர் இல்லத்தில் சமையல் என்று எழுதியவள், என்னைப் பற்றி 'இலைகளுக்குப் பின்னால் பார்ப்பவர்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதற்குக் கீழே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். துப்பறிகிறவர் என்று நினைத்தாரோ தெரியாது.

ஆரணிக்கு இந்தப் புவனம் அக்கா கதையில் மட்டும் ஒரு அக்கறை. சீதனக் காணி என்றால் என்ன என்று கேட்டாள். தகப்பன் மகளுக்கு எழுதிக் கொடுப்பது, புருஷன் அதில் பாடுபடலாம், ஆனால் அது அவளுடையது, அவளைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அந்தச் செடிகள் தப்பியிருக்கும் என்றாள்.

நான் அதை நம்பவில்லை. பத்திரிகையில் வந்ததற்கு எதிராக நின்றவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

6

போன கிழமை, செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்குத் தபால் பெட்டியில் கடிதம் கிடந்தது. நீலக் கோடு போட்ட கொப்பித் தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. உருண்டையான எழுத்து. புவனம் அக்கா. இது மூன்றாவது பதில் என்று தொடங்கியிருந்தார். முதல் இரண்டும் எனக்குக் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். இல்லை. பாதை கொஞ்சம் இளகியிருந்த இந்தத் தை மாதத்தில்தான் ஒன்று வெளியே வந்திருக்கிறது.

ஆரணி தமிழ்க் கையெழுத்து வாசிக்க மாட்டாள். ஆகவே குசினி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று உரத்து வாசித்தேன். முக்கியமான இடங்களை அப்படியே தருகிறேன்.

"உங்கடை கடிதம் மூண்டிலை ரண்டு வந்தது தம்பி. முதல் வந்தது இவரின்ரை கையிலை கிடைச்சு, மூண்டு கிழமை சேட்டுப் பொக்கற்றுக்கை கிடந்தது. தான் பிடுங்கினது பிழை எண்டு எழுதிக் கிடந்தால் ஆர் காட்டுவினம்? ரண்டாவது என்ரை கையிலை வந்தபடியாலை ஆள் பிடிபட்டுப் போனார்."

ஆரணி அங்கேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

1990இல் சின்னராசா அண்ணை தன்னுடைய ஆறு பரப்பிலும் சிவப்பைப் பிடுங்கி முடித்துவிட்டு, கையில் என் பத்திரிகையோடு வரம்பைக் கடக்க வந்திருக்கிறார். அக்கா மண்வெட்டியை வரம்பில் குறுக்கே போட்டுவிட்டு நின்றிருக்கிறார். கடக்க விடவில்லை. தையில் அண்ணையின் பக்கத்தில் தடிமன் மாறவில்லை. இலை முழுக்கக் கொட்டி, காய் சப்பையாகப் போனது. அக்காவின் பக்கத்தில் சிவப்புச் செடிகள் நின்றன. அவற்றின் விதையைச் சாம்பல் கலந்து தனிப் பானையில் போட்டு வைத்தார். நாலு ஐப்பசி அப்படியே விதைத்தார். பானையின் வாயை அந்தப் பத்திரிகைத் தாளால்தான் கட்டியிருந்தாராம். வேறு தாள் வீட்டில் இல்லை.

இதைப் படித்தால் அவருக்குக் கூர்மையான கண் என்று எழுதத்தான் என் கை போகும். ஆனால் கடிதம் அப்படிச் சொல்லவில்லை. இந்தமுறை ஒரு சொல்லும் வெட்டாமல் தருகிறேன்:

"நான் பெரிய கெட்டிக்காரி எண்டு எழுதிப் போடாதேங்கோ. அண்டைக்குக் காயைப் பாருங்கோ எண்டது இவரைக் கடிக்கத்தான். முதல் வருசம் விடாமல் நிண்டது வீம்பு. ரண்டாம் வருசந்தான் கண்ணாலை கண்டது."

பிறகு வெள்ளைத் துணி. 1993 மார்கழியில் என் கடிதத்தோடு தோட்டத்துக்குப் போவதற்கு அவர் வீடு முழுக்க வெள்ளை தேடியிருக்கிறார். சவுக்காரம் வராத ஊரில் வெள்ளைத் துணி எங்கே இருக்கும்? சீலை, சேட்டு, தலையணை உறை எல்லாம் ஒரே மண் நிறம். சின்னராசா அண்ணை கோயிலுக்கு என்று மடித்து வைத்திருந்த வேட்டி ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனார். ஒரு தலைப்பில் பக்கத்துத் தோட்டத்து வைக்கோல் நிற இலைகளைத் தேய்த்தார். மற்றத் தலைப்பில் தன்னுடைய சிவப்பு இலைகளைத் தேய்த்தார்.

"ஒரு பக்கம் மண்ணிறக் குரக்கன்மா கொட்டின மாதிரி. மற்றப் பக்கம் பச்சைச் சாயம் கொஞ்சம், அவ்வளவுதான். கொடியிலை போட்டிட்டு நிண்டன். மனிசன் முழுகிப் போட்டு வந்து பாத்தார். தோய்ச்சும் போகேல்லை. திருவெம்பாவைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனவர்."

கோயிலில் ஆட்கள் வேட்டியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். சின்னராசா அண்ணை முதல் நாள் கறைப் பக்கத்தை மடித்துச் செருகிக்கொண்டார். இரண்டாம் நாள், வேட்டித் தலைப்பை விரித்துப் பிடித்து, இது தோற்ற இலை, இது தோற்காத இலை என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் நாள் பூசை முடிய ஒரு கூட்டம் நின்றதாம். "இப்ப ஊரிலை கேட்டால் உதை இவர்தான் கண்டுபிடிச்சவர்," என்று அக்கா எழுதியிருக்கிறார். "நானும் ஒண்டும் சொல்லேல்லை. வேட்டி அவரின்ரைதானே."

ஆரணி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நான் அடுத்த வரியை வாசிக்க நேரமெடுத்தது. எனக்கும் அதே நிலைதான். அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி, 'வேட்டி' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னொரு இடத்திலும் அதைத் தானாகவே கண்டுபிடித்தாள். பிறகு மூன்றாவது இடத்தையும்.

அடுத்த நாள் மார்கிரட்டுக்குக் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். வெள்ளைத் துணி என்று தான் சொன்னபோது கோயில் உடுப்பைச் சொல்லவில்லை என்றார். கயிற்றுத் துண்டை விரலில் சுற்றினார். பிறகு ஒரு எச்சரிக்கை சொன்னார், அதை உங்களுக்கும் எழுதச் சொன்னார். துருவும் சும்மா இருக்காது. ஒரு குணத்தை மட்டும் நம்பி ஊர் முழுக்க ஒரே விதையைப் போட்டால், ஒரு நாள் பூஞ்சணம் அதற்கும் வழி கண்டுபிடிக்கும். ஆகவே வேறு விதைகளும் இருக்கட்டும். ஒவ்வொரு மார்கழியும் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு இருந்த செடியில் தூள் வரத் தொடங்கினால் எழுதுங்கள்.

இனித் திருத்தம். 1990 மார்கழியில் வெளிவந்த 'சிவப்புப் புள்ளிச் செடிகளைப் பிடுங்கி எரியுங்கள்' என்ற செய்தி பிழையானது. தூள் விடாத சிவப்புப் புள்ளி உள்ள சோயாச் செடியைப் பிடுங்க வேண்டாம். அதன் விதையைத் தனியாக எடுத்து வையுங்கள். செய்தியில் சிவப்பு என்ற சொல்லைச் சேர்த்தவர் செய்தியாளரே. அவர் சந்தித்த அதிகாரியோ தோட்டக்காரரோ அதற்குப் பொறுப்பு அல்ல. அந்தத் தோட்டத்தில் திருமதி புவனம் சின்னராசா சொன்ன ஒரு கருத்து இடநெருக்கடியால் விடப்பட்டது. அது வருமாறு: "இலையையோ விக்கப் போறியள்? காயைப் பாருங்கோ."

கடிதத்தின் கடைசிப் பகுதி விதையைப் பற்றியது. போன ஐப்பசியில் புவனம் அக்காவின் பானையிலிருந்து ஒன்பது வீடுகளுக்கு ஒவ்வொரு கொத்து அளவு விதை போயிருக்கிறது. பத்தாவதாக வந்தவர் சின்னராசா அண்ணை. வரம்பில் நின்று கேட்டாராம். ஆறு பரப்பிலும் விதைத்தார்.

மார்கழியில் அவர் தன் பக்கத்தில் இரண்டு செடிகளைப் பிடுங்கினார். இரண்டிலும் சிவப்பு இல்லை.